பழைய பேஸ் கிடாரைப் புதுப்பிக்கலாம், பெயிண்ட் மட்டும் கடைசியில்

பல வருஷம் பரணில் கிடந்த ஒரு எலெக்ட்ரிக் பேஸ் கிடார் கைக்கு வந்ததும் முதலில் தோன்றுவது, இந்தப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு வேறு நிறம் அடித்தால் எப்படி இருக்கும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் முதல் பேஸை வாங்கிய அன்று இரவே பாடியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்து, பளபளவென்ற கறுப்பு நிறத்தோடு அதைப் பூட்டித் தந்தி ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, அதன் ட்ரஸ் ராட், அதாவது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புக் கம்பி, ஏற்கனவே யாரோ கடைசிவரை முறுக்கிவிட்டது, இனி அது திரும்பாது என்று. கழுத்து வில் மாதிரி வளைந்தே நின்றது. கண்ணாடி போல மின்னிய அந்தப் பாடியை ஒரு பாட்டுக்குக்கூட வாசிக்க முடியவில்லை.

அதனால் இங்கே நான் சொல்லும் வரிசை ஒன்றுதான்: முதலில் வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவருவது, அப்புறம் சுத்தம் செய்வது, அப்புறம் வயரிங், எல்லாம் சரியென்று தெரிந்த பிறகே பெயிண்ட். பாதியில் நிறுத்தினாலும் கையில் வாசிக்கக்கூடிய ஒரு பேஸ் மிஞ்சும்.

தந்தியைக் கழற்றாமல் பாருங்கள்

பழைய தந்தி துருப்பிடித்துக் கிடந்தாலும் உடனே வெட்டி எறிய வேண்டாம். அது அறுந்துபோகிற நிலையில் இல்லையென்றால் ஈ, ஏ, டி, ஜி என்று சரியான சுருதிக்கு மெல்ல ஏற்றி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். நான்கு தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் கழுத்தை இழுக்கின்றன, அந்த இழுவிசையில் கழுத்து எப்படி நிற்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். தந்தி இல்லாத கழுத்து நேராகத் தெரிந்தாலும் அதை நம்ப முடியாது.

அடுத்த நாள், ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃப்ரெட்) ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்திப் பிடித்து, 7 அல்லது 8ஆவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். இழுத்துப் பிடித்த தந்தியே ஒரு நேர்கோல் மாதிரி. சுமார் 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. அதாவது ஒரு விசிட்டிங் கார்டு தந்தியைத் தூக்காமல் நுழைந்து வர வேண்டும். இரண்டு மூன்று கார்டு நுழைந்தால் கழுத்து முன்பக்கமாக வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லாமல் தந்தி ஃப்ரெட்டில் படிந்து கிடந்தால் பின்பக்கமாக வளைந்திருக்கிறது. இரண்டையும் பெரும்பாலும் ட்ரஸ் ராடைக் கொண்டு சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது முறுக்கு. பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுகப் பாருங்கள், முதல் ஃப்ரெட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. லேசான முறுக்கோடு வாசிக்கலாம், அதிகமானால் அது புதியவர் கை வைக்கிற வேலை இல்லை. வேறு கழுத்து தேடுவதே மேல்.

ட்ரஸ் ராட் விஷயத்தில் பயமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம். அதன் தலை சிலவற்றில் கழுத்தின் நுனியிலுள்ள ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன மூடிக்கு அடியில் இருக்கும், சிலவற்றில் கழுத்து பாடியோடு சேரும் முனையில் ஒளிந்திருக்கும். பின்னதாக இருந்தால் கழுத்தைக் கழற்றித்தான் திருப்ப முடியும். முதலில் கால் சுற்று தளர்த்துங்கள், இறுக்குவது அதற்கப்புறம். தளர்த்தும்போது அசைகிறதா என்று பார்த்தாலே அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் கழுத்து நிமிரும், எதிர்த்திசையில் திருப்பினால் வளைவு கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். திருப்பிவிட்டு மறுபடி சுருதி சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டு அளந்து பாருங்கள். இறுகிப் போய்த் திரும்பாவிட்டால் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். பலம் போட்டு ராடை உடைத்துவிட்டால், ஃப்ரெட்டுகள் பதித்த ஃபிங்கர்போர்டையே பிரித்தெடுத்தால்தான் மாற்ற முடியும்.

இப்போது ஆம்ப்ளிஃபயரில் செருகிக் கேளுங்கள். வால்யூமையும் டோனையும் திருப்பும்போது கரகரவென்று வந்தால் அது அழுக்கு, சுலபமாகப் போகும். சும்மா இருக்கும்போது ஓர் இரைச்சல் கேட்டு, தந்தியைத் தொட்டதும் அது குறைந்தால் எர்த் வயர் நன்றாக இருக்கிறது. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி இரைந்தால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயர் அறுந்திருக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

இது எந்தக் காலத்துப் பேஸ் என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள், இது முக்கியம். ஃபெண்டர் நிறுவனத்தின் ப்ரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது, ஜாஸ் பேஸ் 1960இல். அந்தக் காலகட்டத்தையொட்டிய, பேர்பெற்ற தயாரிப்பாக இருந்தால் தயவுசெய்து பெயிண்டில் கை வைக்காதீர்கள். தேய்ந்துபோன பழைய பெயிண்டுக்குத்தான் அங்கே மதிப்பு, நீங்கள் அடிக்கும் புதுப் பெயிண்ட் அந்த மதிப்பைப் பெரிதாகக் குறைத்துவிடும். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் வால்யூம் பாட்டின் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்பாகம்தான் பாட்) உடலில் பொறித்த எண் உதவும். 137 என்று தொடங்கினால் அது சிடிஎஸ் கம்பெனியின் பாட், 304 என்றால் ஸ்டாக்போல். பின்னால் வருவது வருஷமும் வாரமும். 1377421 என்றிருந்தால் 1974ஆம் வருஷம் 21ஆவது வாரம். பாட்டைப் பிற்பாடு மாற்றாமலிருந்தால், பேஸ் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான் அதிலிருந்து உறுதியாகச் சொல்லலாம். கழுத்தின் அடிப்பகுதியிலும் பென்சில் எழுத்தோ முத்திரையோ இருக்கலாம், கழற்றும்போது பாருங்கள்.

பிரிப்பது

ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள், முக்கியமாக வயரிங்கை இரண்டு மூன்று கோணத்தில். திருகுகளுக்கு நான் செய்வது இது: ஒரு அட்டையில் பேஸின் உருவத்தைக் கோட்டுப்படமாக வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்துவிடுவேன். பாடியின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டில் பத்துப் பன்னிரண்டு திருகு இருக்கும், பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் சிலவற்றின் நீளம் மாறும். நீளமான திருகைத் தவறான துளையில் போட்டால் பாடியில் விரிசல் விழுவதோ உள்ளே வயரைக் குத்துவதோ நடக்கும்.

தந்தியை முழுதாகத் தளர்த்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும். முறுக்கேறிய பேஸ் தந்தியை அப்படியே வெட்டினால் அது கண்ணைப் பதம் பார்க்கும்.

பழைய திருகு அசையாவிட்டால், சூடான சால்டரிங் அயர்ன் நுனியை அதன் தலைமேல் அரை நிமிஷம் வையுங்கள். சூட்டில் விரிந்து ஆறும்போது துருவின் பிடி விட்டுவிடும். அப்புறம் தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். சின்னத் திருப்புளியை வைத்துத் திருப்பித் திருப்பித் தலையை வழுக்கவிட்டால் பிறகு அதை எடுப்பது பெரிய வேலை.

கழுத்தைத் தூக்கியதும் அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைக் கவனமாகப் பாருங்கள். நான் திறந்த ஒன்றில் பிரிட்ஜ் பக்கத்து ஓரமாக ஒரு சின்ன அட்டைத் துண்டு இருந்தது, பல வருஷ அழுத்தத்தில் பளபளப்பாகி மரத்தோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் நெம்பினால்தான் வந்தது. குப்பையென்று நினைத்துப் போடப் போனேன். அது கழுத்தின் சாய்வை ஒரு மயிரிழை மாற்றுவதற்காக வேண்டுமென்றே வைத்தது. அது இல்லாமல் பூட்டியிருந்தால், பிரிட்ஜை எவ்வளவு இறக்கினாலும் தந்தி உயரமாகவே நின்றிருக்கும். பள்ளத்தில் எது கிடைத்தாலும் ஒரு உறையில் போட்டு, எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதிவையுங்கள்.

தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்புக்கு அடியில் இருக்கும் நுரைப்பஞ்சு பெரும்பாலும் தொட்டால் பொடியாகிவிடும், அதற்குப் புதுப் பஞ்சு வெட்டி வைத்தால் போதும். பிக்கப்பின் காயில் கம்பி தலைமயிரை விட மெல்லியது. திருப்புளி நுனி லேசாகப் பட்டாலே அறுந்துவிடும், ஆகவே கழற்றிய உடனே துணியில் சுற்றி ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள்.

சுத்தமும் சின்னச் சின்னப் பழுதும்

குரோம் பூசிய பாகங்களில் மேலாகப் பிடித்த துருவுக்கு, அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால் போதும், வேறெதுவும் வேண்டாம். துரு தின்று குழி விழுந்த இடம் குழியாகத்தான் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளலாம். பூச்சில்லாத இரும்புத் திருகுகளை வினிகரில் ஓர் இரவு போட்டால் துரு கழன்றுவிடும், ஆனால் குரோம் பாகத்தை அதில் ஊறப்போட்டால் பூச்சே உரியத் தொடங்கும். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சேடிலின் குட்டித் திருகுகளுக்குத் துருநீக்கி எண்ணெயை முந்தின நாளே விட்டுவையுங்கள். ட்யூனிங் கீயில் பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருக்கும், டூத்பிரஷால் துடைத்தெடுத்து ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் சுலபமாகத் திரும்பும்.

ஃபிங்கர்போர்டில் இரண்டு வகை. கரும்பழுப்பாக இருக்கும் ரோஸ்வுட்டில் பூச்சு இருக்காது. அதன் அழுக்கைப் பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் மெல்ல வழித்து, மினரல் ஆயிலைத் துணியில் தொட்டு ஒரு கை தடவி, ஐந்து நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், வறண்டு வெளுத்திருந்த மரம் நிறம் திரும்புவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். வெளிர்நிற மேப்பிளில் மேலே லாக்கர் பூச்சு இருக்கும், அதற்கு எண்ணெய் வேண்டாம், ஈரத்துணி போதும். ஃப்ரெட்டை மினுக்க மிக நைசான ஸ்டீல் வுல் நல்லது, ஃப்ரெட்டுகளுக்கு இடையே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேய்க்க வேண்டும். ஆனால் அதே மேஜையில் பிக்கப் இருக்கவே கூடாது. உதிரும் இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும், பிறகு அதை முழுசாக எடுக்க முடியாது.

ஃப்ரெட்டுகளை அரம் போட்டு மட்டம் செய்யும் வேலையை முதல் பேஸில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு பிளாஸ்டிக் கார்டின் நேரான ஓரத்தை மூன்று மூன்று ஃப்ரெட்டாக வைத்து ஆட்டிப் பாருங்கள், தராசு மாதிரி ஆடினால் நடு ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. பல சமயம் அது தன் பள்ளத்திலிருந்து லேசாக எழும்பியிருக்கும், பிளாஸ்டிக் முகமுள்ள சுத்தியலால் மெல்லத் தட்டினாலே உட்கார்ந்துவிடும். அப்படியும் அடங்காவிட்டால் அந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மரை தேய்ந்து திருகு சும்மா சுற்றும் துளைகள் பழைய பேஸில் நிச்சயம் இருக்கும், முக்கியமாக ஸ்ட்ராப் மாட்டும் இடத்தில். பல்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்து, துளை நிறையும்வரை செருகி, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிட்டுத் திருகை ஏற்றினால் புதுசு மாதிரி பிடிக்கும். கழுத்தின் பெரிய திருகுத் துளைக்கு இது போதாது. அதற்கு உறுதியான மரத்தில் உருளைக் குச்சி செய்து ஒட்டி, புதிதாகத் துளை போட வேண்டும்.

வயரிங்

பயப்பட ஒன்றுமில்லை, இதில் கரன்ட் ஷாக் அடிக்கிற எதுவும் கிடையாது, ஆம்ப்ளிஃபயரிலிருந்து கேபிளைக் கழற்றியிருந்தால் சரி. சிலவற்றில் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும், அதை முதலில் எடுத்துவிடுங்கள். பல வருஷம் கிடந்ததென்றால் அது கசிந்திருக்கவும் கூடும்.

கரகரக்கும் பாட்டின் முதுகுப்பக்கச் சின்னத் திறப்பில் கான்டாக்ட் க்ளீனர் ஒரு பீச்சு பீச்சி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முப்பது தடவை திருப்புங்கள். பத்தில் எட்டுக்கு இதுவே போதும் என்பது என் அனுபவம். கேபிள் செருகும் ஜாக்கில் ஒலி விட்டு விட்டு வந்தால் பெரும்பாலும் நட் தளர்ந்திருக்கும், அல்லது கேபிள் நுனியைப் பிடிக்கும் தகடு வெளியே விரிந்திருக்கும், விரலால் உள்பக்கம் வளைத்துவிட்டால் சரி.

பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய மல்டிமீட்டர் வேண்டும். கிடார் கேபிளை ஜாக்கில் செருகி, வால்யூமையும் டோனையும் முழுதாக வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள். ப்ரிசிஷன் வகையில் 10 கிலோஓம் வாக்கில் வரும். ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப்பையும் சேர்த்து அளந்தால் மீட்டர் குழப்பும், பிக்கப் வயரைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், 7, 8 கிலோஓம் வரும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கவலையில்லை. வயரைப் பிரித்துப் பார்த்தும் மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட்.

மாற்ற வேண்டி வந்தால், இந்த வகைப் பேஸ்களில் பெரும்பாலும் 250 கிலோஓம் பாட்டும், டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் இருக்கும், கபாசிட்டர் மேல் 473 என்று அச்சிட்டிருந்தால் அது இதுதான். சால்டர் கம்பி ரோசின் உள்ளீடு கொண்டதாக இருக்க வேண்டும், குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் வயரைத் தின்றுவிடும். இதில் ஒரே நுட்பம், ஈயத்தைச் சூடாக்காமல் இணைப்பைச் சூடாக்குவது. வயரும் தகடும் போதுமான சூடேறியதும் ஈயத்தை அங்கே தொட்டால் தானாக ஓடிப் பரவும். மங்கலாக, மணல்மணலாக உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை, மறுபடி சூடாக்குங்கள். பாட்டின் முதுகில் எர்த் வயர் ஒட்டுவதுதான் பலருக்குத் தகராறு. அந்தத் தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், அந்த இடத்தை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டு, தடித்த நுனி போட்ட அயர்னால் செய்யுங்கள்.

வேலை செய்கிற பழைய பாகத்தைப் புதுசாக்க வேண்டும் என்று மாற்றாதீர்கள்.

இப்போது பெயிண்ட்

இதுவரை வந்து, பேஸைத் தற்காலிகமாகப் பூட்டி வாசித்துப் பார்த்து, இது உழைப்புக்குத் தகுதியானது என்று தோன்றினால் மட்டும் மேலே படியுங்கள்.

ஏற்கனவே என்ன பூச்சு இருக்கிறது என்று தெரிய, கழுத்துப் பள்ளத்திலோ பிக்கார்டுக்கு அடியிலோ, வெளியே தெரியாத இடத்தில் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு வையுங்கள். இளகிப் பிசுபிசுத்தால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அசையாமல் இருந்தால் பாலியெஸ்டர் அல்லது பாலியூரிதேன், அதாவது கடினமான பிளாஸ்டிக் ஓடு.

ஓடு மாதிரி பாலி பூச்சு இருந்தால், புதியவருக்கு என் உண்மையான ஆலோசனை, அதைச் சுரண்டவே வேண்டாம் என்பதுதான். அதை விட நல்ல அடித்தளம் கிடைக்காது. 320 உப்புத்தாளால் பளபளப்புப் போய் மங்கும்வரை தேய்த்து, அடிபட்ட பள்ளங்களில் கார்களுக்குப் போடும் பாலியெஸ்டர் பட்டி பார்த்து, மட்டமாக்கி, அதன்மேலேயே பிரைமரும் நிறமும் அடிக்கலாம். பல நாள் வேலையும் நிறைய விஷப் புகையும் மிச்சம்.

மரம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால், முதலில் பிக்கப் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் அது ப்ளைவுட். நாலைந்து துண்டு ஒட்டிய பாடியாகவும் இருக்கலாம். மூடு நிறம் அடித்த பல பேஸ்களில் அந்த நிறம் இதையெல்லாம் மறைப்பதற்காகவே இருக்கிறது. ஒட்டின கோட்டைப் பார்த்து ஏமாறுவதற்கு இரண்டு நாள் சுரண்ட வேண்டியதில்லை.

சுரண்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஹீட் கன். திறந்த வெளியில், ஆர்கானிக் ஆவிக்கான வடிகட்டி போட்ட மாஸ்க்கோடு. ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே சூடு காட்டினால் ஒரு கட்டத்தில் பெயிண்ட் இளகி எழும்பும், அந்த நொடியில் முனை மழுக்கிய ஸ்க்ரேப்பரை அடியில் தள்ளினால் தோல் மாதிரி உரியும். அவசரப்பட்டால் மரம் கருகிவிடும், அந்தக் கறுப்பு ஆழமாக இறங்கியிருக்கும். பழைய பெயிண்டில் காரீயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் காய்ந்த தூசி பறக்கத் தேய்க்காதீர்கள், குழந்தைகள் புழங்கும் இடத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் நீக்கியையும் தவிர்த்துவிடுங்கள், மூடிய அறையில் அதன் ஆவி ஆளைக் கொன்றிருக்கிறது.

மரம் வெளிப்பட்டதும் 120, 180, 220 என்று உப்புத்தாளில் ஏறுங்கள், எப்போதும் மர ரேகை ஓடும் திசையில். தட்டையான இடத்தில் தாளுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வேண்டும், வெறும் விரலால் தேய்த்தால் அலை அலையாகப் பள்ளம் விழும். கழுத்துப் பள்ளத்தின் சுவரையும் விளிம்பையும் தேய்க்கவே கூடாது, கழுத்து ஆடத் தொடங்கிவிடும். அடி பட்டு நசுங்கிய பள்ளத்தில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டி நுனியால் சில நொடி அழுத்துங்கள், ஆவி ஏறி நசுங்கின நார் உப்பி எழுந்துவிடும். நார் அறுபட்டிருந்தால் எழாது, அதற்குப் பட்டிதான். கடைசியில் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, காய்ந்ததும் சிலிர்த்து நிற்கும் நாரை 220ஆல் லேசாகத் தடவிவிடுங்கள். அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், பகலில் கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் நிழல் விழுந்து தெரியும், பெயிண்ட் ஏறினால் அது அத்தனையும் வெளியே வரும். ஆஷ் மரமென்றால் துளைகள் பெரிது, கிரெயின் ஃபில்லர் வேண்டும். ஆல்டருக்கும் பாஸ்வுட்டுக்கும் தேவையில்லை.

சுலபமான பூச்சு எண்ணெய். டங் ஆயில், டேனிஷ் ஆயில் மாதிரி ஒன்றைத் துணியால் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, இப்படி ஐந்தாறு கை. தப்பு செய்ய அதிகம் இடமில்லை. ஆனால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய்கள் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பற்றும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய டின்னில் போட்டு மூடுங்கள்.

ஸ்ப்ரே செய்வதென்றால், கழுத்துப் பள்ளத்தில் ஒரு நீளக் கட்டையைத் திருகி அதைப் பிடியாக வைத்துக்கொள்ளுங்கள், பாடியைத் தொடாமலே திருப்பவும் தொங்கவிடவும் முடியும். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும், ஆனால் மழை ஈரமுள்ள நாளில் லாக்கர் அடிக்காதீர்கள், வெண்மையாகப் பூத்துவிடும். 25, 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, பாடிக்கு வெளியே பீச்சத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போன பிறகு நிறுத்துங்கள், அடுத்த வரி முந்தின வரியில் பாதியை மூட வேண்டும். முதல் கை அடித்ததும் திட்டுத்திட்டாகத்தான் தெரியும், அப்படியே விடுங்கள். அதை மூடிவிடலாம் என்று இன்னொரு கை சேர்த்தால் வழியும். வழிந்தால் தொடாதீர்கள், காய்ந்ததும் தேய்த்து மட்டமாக்கலாம். பிரைமர், நிறம், அதன்மேல் வரும் நிறமற்ற க்ளியர் மூன்றும் ஒரே வகையாக இருப்பது நல்லது, இல்லாவிட்டால் தோல் சுருங்குவது போல் சுருங்கிவிடும். முதலில் ஒரு வீண் கட்டையில் மூன்றையும் அடித்துப் பாருங்கள். ஹார்ட்னர் கலக்கும் இரண்டு பாக க்ளியர் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட்டுக்குச் சாதாரண மாஸ்க் போதாது, நுரையீரலைக் கெடுக்கும், வீட்டில் வேண்டாம்.

க்ளியர் எட்டுக் கையாவது போடுங்கள், ஏனென்றால் அதில் கொஞ்சம் தேய்ந்து போகத்தான் போகிறது. அப்புறம் காத்திருப்பு. நைட்ரோ லாக்கருக்கு மூன்று நான்கு வாரம். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் தின்னர் வாசனை அடிக்கிறதென்றால் இன்னும் காயவில்லை.

காய்ந்ததும் 1000, 1500, 2000 வாட்டர் பேப்பர், தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு. திருகுத் துளைகளில் முதலில் மெழுகை அடைத்துவிடுங்கள், தண்ணீர் இறங்கினால் மரம் உப்பித் துளையைச் சுற்றிப் பூச்சு வெடிக்கும். விளிம்புகளில் பூச்சு எப்போதும் மெல்லியது, அங்கே கை போகவே கூடாது. என் முதல் பேஸின் கீழ்க்கொம்பு வளைவில் இரண்டு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டேன், தண்ணீர் சட்டென்று கறுப்பாக மாறியது, துடைத்துப் பார்த்தால் நகக்கண் அளவுக்குப் பிரைமரின் சாம்பல் நிறம். அந்த ஒரு புள்ளிக்காக நிறம், க்ளியர், மூன்று வாரம் எல்லாம் மறுபடியும். தண்ணீரில் நிறம் தெரிந்த நொடி கையை எடுத்துவிடுங்கள். 2000 முடிந்ததும் காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டால் மென்துணியில் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும்.

பூட்டுவதும் சுருதி சேர்ப்பதும்

துளைகளின் வாயில் அடைந்த பெயிண்டை முதலில் கூர்நுனியால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திருகு ஏறும்போது சுற்றிலும் சில்லு பெயரும். திருகில் மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்பு. மரத் திருகை நேராக இறுக்காமல், முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றினால் ஓர் இடத்தில் டக்கென்று விழும், அதுதான் பழைய மரையின் தொடக்கம், அங்கிருந்து இறுக்குங்கள். பிரிட்ஜைப் பூட்டும்முன் எர்த் வயர் அதன் அடியில் படிந்திருக்கிறதா என்று பார்த்து, பூட்டியதும் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளித்தகட்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரால் உறுதி செய்யுங்கள். உறையில் வைத்த அட்டைத் துண்டை மறக்காதீர்கள்.

புதுத் தந்திக்குத் தடிமன் 45இலிருந்து 105 வரையிலான செட் பொதுவானது. வெட்டும் இடத்துக்குச் சற்று முன்பே தந்தியைச் செங்குத்தாக மடக்கிவிட்டு அதற்கப்பால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் மேல்சுற்று அவிழ்ந்து தந்தி செத்த ஒலி கொடுக்கும். ட்யூனிங் கீயின் தண்டில் இரண்டு மூன்று சுற்று, கீழ்நோக்கி.

இப்போது வரிசை மாறக் கூடாது: சுருதி, கழுத்து வளைவு, தந்தி உயரம், அப்புறம் இன்டொனேஷன், அதாவது கழுத்து நெடுகச் சுருதி சரியாக ஒலிப்பது. வளைவு முன்பு சொன்ன 0.3 மி.மீ. உயரத்தை 17ஆவது ஃப்ரெட்டில் அளந்தால் ஈ தந்திக்கு 2.4 மி.மீ., ஜி தந்திக்கு 2 மி.மீ. நல்ல தொடக்கம், அதிலிருந்து உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். இன்டொனேஷனுக்கு 12ஆவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அதே ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கி ஒலித்தால் முன்னால். பிக்கப்பைத் தந்திக்கு ரொம்பக் கிட்டே ஏற்ற வேண்டாம், காந்தம் தந்தியை இழுத்து ஈ தந்தியில் சுருதி அலைபாய்வது காதுக்கே கேட்கும்.

ஒரு வாரம் தினமும் வாசித்துவிட்டு வளைவை மறுபடி அளந்து பாருங்கள். புதுத் தந்தியின் இழுப்புக்கு மரம் பழகும்போது கொஞ்சம் நகரும், பெரும்பாலும் ட்ரஸ் ராடில் இன்னொரு கால் சுற்றுக்கு வேலை இருக்கும்.